மூடாத குழி

குண்டசாலை,
03.05.1998

அன்பு மகள் சத்தியபாமாவுக்கு,

நீயும் மருமகனும் பிள்ளைகளும் சுகமாயிருக்க முருகன் துணை. சின்னவளுக்கு இருமல் மாறிவிட்டதென்று எழுதியிருந்தாய், இந்த மாதம் கேட்ட நல்ல செய்தி அது ஒன்றுதான். ஆனாலும் தலையை மூடாமல் வெளியே விடாதே.

அப்பா ஏன் டெலிபோனுக்கு வருவதில்லை என்று கேட்டாய். மார்கழி மழையோடு எங்கள் கக்கூஸ் குழி நிரம்பி, தண்ணீர் ஊற்றினால் மேலே வரத் தொடங்கியது. கழிவு இறைக்கும் பவுசர்காரர் வந்து இறைத்துவிட்டு, பழைய குழியில் தண்ணீர் மண்ணுக்குள் இறங்குவதில்லை, பக்கத்தில் இன்னொரு குழி வெட்டி இணையுங்கள் என்றார். அப்பா மஹ்மூத் மேசனைப் பிடித்து வெட்டுவித்தார். கல் அடுக்கி மூடுவதற்குள் தை மாதம் டவுனில் குண்டு வெடித்தது. தமிழர் வீட்டில் புதுமண் கிண்டிக் கிடக்கிறதென்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், ஆயுதம் தேடிப் பொலிஸ் வந்தது. கக்கூசுக்கு வெட்டிய குழி என்று அப்பா சிங்களத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர்கள் பழைய குழியின் கொங்கிறீட் மூடியையும் அலவாங்கால் உடைத்து, மூங்கில் விட்டுக் கிண்டிப் பார்த்தார்கள். இருப்பதுதானே இருக்கும். அப்படியிருந்தும் அப்பாவையும் குழி வெட்டிய மஹ்மூத்தையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். மஹ்மூத்தை மறுநாள் விட்டார்கள், அப்பாவைப் பங்குனி முடியத்தான் விட்டார்கள். வந்த நாளிலிருந்து இடது கையைத் தூக்க முடியவில்லை, சட்டையை நான்தான் போட்டுவிடுகிறேன். வீதியில் வாகனம் ஏதும் நின்றால் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நிற்கிறார்.

மூடியைக் கட்டித் தரும்படி மஹ்மூத்துக்குச் சொல்லியனுப்பினேன். அவன் மனைவி கைரியா வந்து கேற்றடியில் நின்று, "எங்கட ஆள இனி இந்த ஊட்டுக்கு அனுப்ப ஏலா, கோவிச்சுக் கொள்ளாதீங்க" என்று அழுதாள். வேறு மேசன்மாரும் வரவில்லை. உடைந்த கொங்கிறீட் உள்ளே விழுந்து கிடப்பதால் குழாய் இறங்காது என்று பவுசர்காரரும் திரும்பிவிட்டார். தகரம் போட்டு வைத்திருக்கிறேன், மழை பெய்தால் அதையும் தள்ளிக்கொண்டு முற்றத்துக்கு வருகிறது. அயலவர்கள் ஜன்னலைச் சாத்துகிறார்கள், அவர்களைக் குறைசொல்ல முடியாது. வீட்டை விற்கலாமென்றால், பார்க்க வந்தவர் பின்பக்கம் வரை வந்து லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டார். அப்பா நாள் முழுக்கச் சொல்வது ஒன்றுதான், "தண்ணி கனக்க ஊத்தாதை."

ஆவணியில் பிள்ளைகளோடு வருவதாக எழுதியிருந்தாய். டிக்கெட் எடுக்காதே பிள்ளை. எங்களை அங்கே எடுக்கிற பேச்சையும் விடு, விசாவுக்குப் பொலிஸ் றிப்போட் கேட்பார்கள், அப்பா திரும்ப அந்தப் படி ஏறமாட்டார். டெலிபோன் எடுத்தால் அவரிடம் ஒன்றும் விசாரிக்காதே, பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கதையைச் சொல்லு, பேசாவிட்டாலும் கேட்டுக்கொண்டிருப்பார்.

எல்லோரும் நோய்நொடியின்றி நீண்டகாலம் வாழவேண்டும். அப்பாவையும் ஒரு வரி எழுதச் சொன்னேன். தன் பெயர் இதில் இருக்க வேண்டாம் என்றார். அதனால் இரண்டு பேருக்குமாக நானே ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
அம்மா மங்களேஸ்வரி