பத்துக்கு முடிவில்லை

மைசூரு
31-7-2025

சந்துருவுக்கு,

‘அன்புள்ள’ போட மனசு வரவில்லை. வாட்ஸ்அப்பில் உன்னை பிளாக் செய்தாயிற்று, அதனால்தான் தபால்.

காலேஜில் படித்தபோது நாம் நஞ்சன்கூடு ரயிலில் ஆடிய விளையாட்டு நினைவிருக்கிறதா? எண்ணைப் பகா எண்களாக உடை, பெரியதிலிருந்து சிறியதாக ஒட்டி எழுது, கிடைத்ததை மறுபடி உடை. 9 என்றால் 3, 3. ஒட்டினால் 33. அது 11, 3. ஒட்டினால் 113. பகா எண். அதற்குமேல் உடையாது, முடிந்தது. என்ன சுத்தம்!

எந்த எண் எந்தப் பகா எண்ணில் முடிகிறது என்ற வரிசையை நம் இருவர் பெயரிலும் இணைய எண்வரிசைக் களஞ்சியத்தில் ஏற்றியிருக்கிறாய். பத்துக்கு நேராக, ஏழில் முடியும் பதினோரு இலக்க எண். எங்கேடா பொறுக்கினாய்? சாம்பாரில் பல்லியைப் பார்த்த மாதிரி குமட்டியது. பக்கத்திலேயே என் பெயர்.

சுஹாஸ்


கொள்ளேகால்
4-8-2025

அன்பு சுஹாஸுக்கு,

திட்டு, வாங்கிக்கறேன். பத்து முடியவே மாட்டேங்குதுடா. கம்ப்யூட்டர் திணறிப்போச்சு. கட்டம் காலியா இருந்தா நல்லாயிருக்காதுன்னு ஏதோ ஒண்ணைப் போட்டுட்டேன். யார் சரிபார்க்கப் போறாங்க?

அடுத்த திங்கட்கிழமை சாமராஜநகர் காலேஜில் இன்டர்வியூ. நிரந்தர வேலை. விண்ணப்பத்தில் இந்த வரிசையைத்தான் காட்டியிருக்கேன். எத்தனை வருஷமா பகுதிநேரத்தில் ஓட்டறேன்னு உனக்குத் தெரியும். அதுவரைக்கும் வாயைத் திறக்காதே, சாமி.

உன் சந்துரு


மைசூரு
7-8-2025

சந்துரு,

யார் சரிபார்ப்பார்களா? நான்.

10 என்றால் 5, 2. ஒட்டினால் 52. அது 13, 2, 2: 1322. அது 661, 2: 6612. கடைசி இலக்கத்தைப் பாருடா! இரட்டை எண்ணை உடைத்தால் சின்னது 2. அது கடைசியில்தான் நிற்கும். அடுத்ததும் இரட்டைதான். பகா எண் எந்தக் காலத்திலும் வராது. காலிக் கட்டம்தான் விடை.

கையால் மூன்று படி போட்டிருந்தால் அது உன் கண்டுபிடிப்பு. நீ அதன்மேல் குப்பையைக் கொட்டி மூடியிருக்கிறாய். சீ.

எண் பொய், என் பெயரை எடுங்கள் என்று களஞ்சியத்துக்கு எழுதிவிட்டேன். இன்டர்வியூவில் என்ன சொல்வாய் என்பது உன் பாடு.

சுஹாஸ்


கொள்ளேகால்
13-8-2025

அன்பு சுஹாஸுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமையே வந்துது. இன்டர்வியூவில் ஒரு மேடம், “இந்தப் பத்தைப் போர்டில் போட்டுக் காட்டுங்க”ன்னாங்க. போட்டேன். 52, 1322, 6612. சாக்பீஸை வெச்சுட்டு, “இது முடியாதுங்க மேடம். விண்ணப்பத்தில் இருக்கறது நான் இட்டுக்கட்டினது”ன்னேன். ஏன் முடியாதுங்கற காரணத்தையும் சொன்னேன். “நிரூபணம் உங்களுதா?”ன்னாங்க. “சிநேகிதனுது”ன்னேன்.

வேலை கிடைக்கலை. ஆனா பஸ் ஏறறதுக்கு முன்னாடி பசிச்சுதுடா. ரொம்ப நாளைக்கப்புறம் வயிறாரச் சாப்பிட்டேன்.

பிளாக்கை எடுப்பியா?

சந்துரு


மைசூரு
18-8-2025

சந்துரு,

எடுக்க மாட்டேன். அந்தப் பதினோரு இலக்கத்தை நினைத்தால் இன்னும் அருவருப்பாகத்தான் இருக்கிறது.

ஆனால் 6612-இல் ஏன் நிறுத்தினாய்? அது 29, 19, 3, 2, 2. ஒட்டினால் 2919322.

இதை நீ உடை. கையால். தபாலில் அனுப்பு, சரிபார்க்கிறேன்.

சுஹாஸ்