முப்பத்தொரு பச்சைச் செடி

அம்மா,

உன் முழங்கால் வீக்கம் வத்திடுச்சா? நான் நல்லாத்தான் இருக்கேன், வயிறுதான் எரியுது. கோதுமைப் பூவோட மகரந்தப் பையிலேர்ந்து கண்ணாடிக் குழாய்ல செடி வளர்த்து, வேரை மருந்துல ஊற வச்சு, பாதியா இருந்த குரோமோசோமை இரட்டிப்பாக்கினேன். எட்டு மாச உழைப்பு. வெளுத்துச் செத்தது போக முப்பத்தொண்ணு பச்சையா நின்னுச்சு. எங்க லேப் தலைவர், அந்த மகராசன், சுத்தம் பண்றேன்னு குழாயையெல்லாம் ஸ்பிரிட்டால துடைச்சார். மார்க்கர்ல எழுதினது பூரா அழிஞ்சு, எது எந்த ரகம்னே தெரியலை. மீட்டிங்ல பழி என் தலையில! "பென்சில்ல சீட்டு எழுதி ஒட்டியிருக்கணும், அது ஸ்பிரிட்டுக்கு அழியாது"ன்னார். மார்க்கர் போதும்னு சொன்னதே அவர்தான்.

நாலு பென்சில் அனுப்பு. இங்கயும் கிடைக்கும்தான், இருந்தாலும் அனுப்பு. பார்சல் மேல என் பேரை நீயே பெரிசா எழுது. இங்க அதைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை.

லேப்புக்கு நேரமாச்சு.
உன் சின்னவ