மதிவாணனின் நாவலும் மாசாய்க் காற்றும்

மாசாய், ஜொகூர், மலேசியா

அன்பு மகள் ஷிரீனுக்கு, அம்மா ஜெய்னம்பு சலாம் சொல்லி எழுதுவது. டப்ளின் குளிரில் நீ சுகமாக இருக்க துஆ செய்கிறேன். நானும் உன் அத்தாவும் தங்கை ஆப்ரினும் உயிரோடு இருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். நலம் என்று எழுதத்தான் கை தயங்குகிறது.

இந்த மாதம் வந்த புதுப் புத்தகங்களில் எதைப் படிக்கலாம் என்று கேட்டிருந்தாய். மூன்று அனுப்புகிறேன். சிகாமட் ஊர்க்காரி ரூபினியின் ‘வாசலில் படகு’ சிறுகதைகளை முதலில் எடு, வெள்ளம் ஏறும்போது ஒவ்வொரு வீடும் எதை முதலில் தூக்குகிறது என்பதுதான் எல்லாக் கதையும், ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு மாமியாரின் மருந்தை மறந்த மருமகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தில் அழுவாய். ரசத்தைப் பற்றிய கட்டுரை நூல் ஒன்று, பாதி பெருமையடிப்பு, அதைத் தள்ளிவிட்டுச் சமைத்துப் பார். மூன்றாவது ‘காற்று திரும்பும் நாள்’ என்ற நாவல். எழுதிய மதிவாணன் நம் சாப்பாட்டுக் கடையில் தினமும் சாப்பிடுபவர், இங்குள்ள இரசாயனக் கிடங்கில் காவலாளி. நடை கொஞ்சம் கரடுமுரடு, ஆனால் ஒரு சொல் பொய் இல்லை. கிடங்கின் கழிவை மழை நாளில் ஆற்றில் விடுகிறார்கள், மீன் செத்து மிதக்கிறது, பிறகு ஒரு காலை பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாந்தியெடுக்கிறார்கள், ஆசிரியர்கள் உத்தரவுக்காகக் காத்திருக்கிறார்கள்.

நான் படித்து முடித்த மூன்றாம் நாள் அத்தா சந்தையிலிருந்து வெறுங்கையோடு வந்து, “சுங்கையில மீனெல்லாம் செத்து மெதக்குதாம் லா, இன்னிக்குக் கோழி மட்டும்தான்” என்றார். நாவலில் வரும் அதே ஆறு, அதே மீன். மதியம் மதிவாணன் வந்ததும் இது கதைதானா தம்பி என்று கேட்டேன். சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டு, “கதைன்னு போட்டாத்தான் அச்சடிப்போம்னாங்க அக்கா. புகார் கொடுத்து நாலு மாசம் ஆச்சு, யாருமே வரல” என்றார். செவ்வாய்க்கிழமை காலையில் காற்று நம் பக்கம் திரும்பியது, கடைக்குள்ளேயே பெயிண்ட் தின்னர் வாடை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆப்ரினின் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். தலைமையாசிரியை, “மேலேருந்து ஆர்டர் வரணும்மா, நானா எப்படி வெளியே விடறது?” என்றார். பிள்ளைகள் வாந்தியெடுக்கும் பக்கத்தை விரித்து அவர் மேசை முன்னால் நின்றபடியே உரக்கப் படித்தேன். இரண்டு பத்தி கேட்டார், ஜன்னலைப் பார்த்தார், எழுந்து போய்த் தானே மணியை அடித்தார். இருநூறு பிள்ளைகளையும் மேட்டுத் திடலுக்கு நடத்திப் போனோம். அப்படியும் பதினொரு பேர் மருத்துவமனையில், அதில் நம் ஆப்ரினும் ஒருத்தி. இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டாள், இருமல்தான் இன்னும் விடவில்லை. லாபிஸில் மாமி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள், கிடங்கை மூடவில்லை. மதிவாணனுக்கு வேலை போய்விட்டது. அவரும் நானும் போலீசில் வாக்குமூலம் கொடுத்திருக்கிறோம். நேற்று முன்பின் தெரியாத இரண்டு பேர் கடைக்கு வந்து தே தாரிக் குடித்தபடி, “அந்தப் புஸ்தகத்த யாரு யாரு வாங்கினாங்க?” என்று அத்தாவிடம் விசாரித்தார்கள். “நான் புஸ்தகமே படிக்கிறதில்ல லா” என்று சொல்லிவிட்டுக் கல்லாவில் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நாள் கடையைச் சாத்தலாம் என்றால் கேட்கமாட்டேன் என்கிறார்.

நீ வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே, அல்லாஹ் உன்னைத் தன் காவலில் வைப்பானாக. ஒன்றை மட்டும் மறக்காதே. பார்சலில் அந்த நாவல் இரண்டு பிரதி இருக்கும். ஒன்றை உன் சிநேகிதிகளுக்குக் கொடு, எல்லோரும் படிக்கட்டும். மற்றதில் ஒவ்வொரு பாத்திரத்தின் பக்கத்திலும் உண்மைப் பெயரை மதிவாணன் தன் கையால் எழுதிவைத்திருக்கிறார். அதை யார் கேட்டாலும் கொடுக்காதே. நானே போன் போட்டு அழுது கேட்டாலும் அனுப்பாதே.

உன் அம்மா,
ஜெய்னம்பு