மார்க்கையன்கோட்டை வழியாக ஒரு ரயில்

மதினி,

இன்று காலை எங்கள் தெரு வழியே முளைப்பாரி போனது. ஈர மண்ணும் சாணமும் இளம்பயிரும் கலந்த அந்த வாசனை வீட்டுக்குள் வந்ததும் கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். மற்றவர்களுக்கு அம்மன் நினைவு வந்திருக்கும். எனக்கு நம் ரயில்தான் நினைவுக்கு வந்தது.

எழுபதுகளில் நான் தேனியில் பள்ளிக்கூட வாத்தியார். அண்ணன் வீட்டில் உங்கள் கையால் சாப்பாடு. பள்ளிக் கண்காட்சியில் தேனியிலிருந்து லோயர் கேம்ப் வரை ரயில் ஓட்டிக் காட்டப்போவதாக ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருந்தேன். அப்படி ஒரு பாதையே கிடையாது என்பதுதான் அதன் பெருமை. சாவி கொடுத்தால் ஓடும் எஞ்சினை அண்ணன் பம்பாயிலிருந்து வாங்கி வந்திருந்தார். சைக்கிள் ஸ்போக்குகளை நிமிர்த்தி ஈயம் பற்றவைத்துத் தண்டவாளம் செய்தேன். தேயிலைப் பெட்டிப் பலகைகளைச் சேர்த்து அடித்ததுதான் தரை. மலைகள் உங்கள் கைவேலை, பழைய பேப்பரும் சோற்றுக் கஞ்சியும். லோயர் கேம்ப் மின் நிலையத்துக்கு மலையிறங்கும் தண்ணீர்க் குழாய்களுக்குப் பப்பாளித் தண்டை வெட்டி வெள்ளையடித்தீர்கள்.

பச்சை பூசிய மரத்தூள் வயல் மாதிரியே இல்லை என்று நான் குறைபட்டபோது சிரித்தீர்கள். "இதுக்கா இம்புட்டு யோசனை? முளைப்பாரி போட்டுருவோம்." பலகை மேலேயே மண் பரப்பிக் கேழ்வரகைத் தூவி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தீர்கள்.

உங்களுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. "எங்க ஊருக்கும் ஒரு ஸ்டேசன் போடுங்க தம்பி. ஆத்தாவப் பாக்க ரெண்டு பஸ் மாறவேண்டியிருக்கு."

"ரயில் ரோட்டை ஒட்டித்தான் போகும் மதினி. மார்க்கையன்கோட்டை சுத்து."

"ரயிலு ஊருக்குத்தானே போகுது, ரோட்டுக்கா போகுது?"

நான் ஸ்போக்கை நிமிர்த்துவதிலேயே இருந்தேன். மேதாவிக்கு அதெல்லாம் காதில் விழுமா?

கண்காட்சி அன்று காலை பார்த்தால் வயல் பச்சைப் பசேலென்று நின்றது. ஆனால் வீரபாண்டிக்கும் சின்னமனூருக்கும் நடுவே பலகை தண்ணீரில் ஊறி அப்பளம் போல உப்பியிருந்தது. ஸ்போக்குகள் பிய்ந்து கிடந்தன. ஓட்டிப் பார்த்தேன், எஞ்சின் குப்புற விழுந்தது. பத்து மணிக்கு ஊரே வந்து நிற்கும். நான் உங்கள் மேல்தான் பாய்ந்தேன்.

"ரயிலுக்கு நாத்தங்காலா போட்டீக?"

"பச்சை கேட்டது யாரு?" என்றீர்கள். குரலை உயர்த்தவில்லை. என் கையைப் பிடித்துப் பலகையின் ஓரமாக வைத்தீர்கள். "இங்கன தொட்டுப் பாருங்க."

காய்ந்திருந்தது. உப்பிய இடத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு விதைக்காமல், தண்ணீர் படாமல், கெட்டியாக ஒரு பாதை.

"இதை ஏன் விட்டீக?"

"எங்க ஊருக்குப் பாதை வேணாமா, கொழுந்தனாரே?"

அப்படியே அரிசி டிரம்முக்குள் கைவிட்டு, மஞ்சள் அட்டையில் கறுப்பு எழுத்தில் எழுதிய பெயர்ப்பலகையை எடுத்தீர்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மிச்சமிருந்த ஸ்போக்குகளை உங்கள் அண்டாவின் விளிம்பில் வைத்து வளைத்தோம். பத்து மணிக்கு ரயில் கிளம்பி, மார்க்கையன்கோட்டையைத் தொட்டு, சின்னமனூர் வந்து, ஒரே சாவியில் லோயர் கேம்ப் போய்ச் சேர்ந்தது.

சின்னமனூர்க்காரர் ஒருவர் விடவில்லை. "ஏன் சார், அங்கன சுத்திப் போகுது?"

"நிலம் அங்கனதான் கெட்டி. நான் சர்வே பண்ணிப் பார்த்தேன்" என்றேன்.

பக்கத்தில் நின்ற நீங்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தீர்கள். அந்தப் பொய்யை ஒருநாளும் யாரிடமும் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை, அது தப்பு மதினி. நீங்கள் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

லோயர் கேம்ப்புக்கு இன்னும் ரயில் வரவில்லை. வரும், எனக்குச் சந்தேகமில்லை. அந்த மஞ்சள் அட்டை என் மேசையில் இருக்கிறது. அளக்க வருகிறவர்களிடம் வளைவு எங்கே என்று காட்டுவேன். சர்வே பண்ணியது யார் என்பதையும் இந்த முறை சொல்லிவிடுவேன்.