சத்தம் போடாத பெட்டி

பங்குனி 2, வெள்ளி

காலையிலேயே அனல். மொட்டை மாடியில் போட்ட துணி, அடுத்ததைப் பிழிவதற்குள் காய்ந்தது. அங்கிருந்து கோபுரம் தெரியும். கையெடுத்துக் கும்பிட்டேன். இந்த வெள்ளிக்கும் அவ்வளவுதான் கோயில். கீழே அத்தையின் குரல், "ராஜி, ராஜி."

மத்தியானம் கொழுந்தன் ரவி, பெங்களூரிலிருந்து போன். பொங்கலுக்கு வாங்கித் தந்த பெரிய டிவியை அம்மா பார்க்கிறார்களா என்று கேட்டான். அவர்களுக்குப் பிடித்த தொடர் வருகிற நேரத்தில் மாத்திரை மயக்கத்தில் தூங்குகிறார்கள், ராத்திரி முழிப்பு, அப்போது பார்க்க ஒன்றும் இல்லை என்றேன்.

"அப்போ டிவியோட ஒரு கம்ப்யூட்டர் சேத்துடலாம் அண்ணி. அதுவே ரெக்கார்டு பண்ணி வெச்சுக்கும். அம்மா முழிச்சப்போ பாத்துக்கலாம். பார்ட்ஸ் நீங்களே செலக்ட் பண்ணுங்க. உங்களுக்குத்தான் அத்துப்படியாச்சே."

அத்துப்படி ஒன்றுமில்லை. பெண் கவிதா கல்யாணமாகிப் போனபோது விட்டுப்போன கோர்ஸ் புத்தகம், பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கின கம்ப்யூட்டர் பத்திரிகைகள். அவளுடைய பழைய கம்ப்யூட்டரைத் திறந்து மூடித் திறந்து மூடி, வீட்டுக் கணக்கு அதில் போடும் அளவுக்கு வந்தது. ஆனாலும் ரவி சொன்னதும் மனசு துள்ளியது. பொய் எதற்கு.

ஒரே நிபந்தனை, சத்தம் கூடாது. அத்தை தூங்கும் நேரத்தில்தான் அது வேலை செய்யணும். இடுப்பு உடைந்து படுத்த நாளிலிருந்து சின்ன ரீங்காரம்கூட அவர்களுக்கு ஆகாது. மின்விசிறி 'டொக்' என்றாலே எனக்கு அழைப்பு.

பங்குனி 5, திங்கள்

கீரைக்காரி வரவில்லை. பருப்பு, அப்பளம்.

கவிதா சேலத்திலிருந்து. ஆறாம் மாசம். கால் வீக்கமாம். சித்திரையில் வளைகாப்பு போட்டு இங்கே அழைத்து வரணும், தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ஆனால் ஒரே ரூம், அதில் அத்தை. ரூம் காலியாக ரவியும் அவன் பெண்டாட்டி சுதாவும் அத்தையை அழைத்துப் போகணும். கார்த்திகையில் 'தை' என்றான். தையில் 'சித்திரை கண்டிப்பா' என்றான்.

"அம்மா, சித்தப்பா பாட்டியக் கூட்டிட்டுப் போறாரா இல்லையா? எங்க மாமியார் தினம் கேக்கறாங்க."

"என்ன கேக்கறாங்க?"

"உங்க வீட்ல உனக்குப் படுக்க எடம் இருக்கான்னு. சிரிச்சுக்கிட்டேதான் கேக்கறாங்க."

சித்திரையில் கண்டிப்பாகப் போவார்கள் என்றேன். சாமி விளக்குக்கு எண்ணெய் விட்டுவிட்டு அதையே இன்னொரு தடவை சொல்லிக்கொண்டேன். முருகா.

பங்குனி 9, வெள்ளி

காம்ப் ரோடு கம்ப்யூட்டர் கடை பாய்க்கு போன். கடை நடந்தால் பக்கம்தான். ஆனால் அத்தையை விட்டுவிட்டு எப்படி. எல்லாம் போனிலேயே.

ஃபேன் எது சத்தம் கம்மி என்று எப்படித் தெரியும்? ஒவ்வொன்றாக ஓடவிட்டு ரிசீவர் பக்கத்தில் பிடிக்கச் சொன்னேன்.

"இன்னாக்கா, போன்லயே கேட்டு வாங்குவீங்களா? சரி, புடிச்சுக்கினு கீறேன். கேக்குதா?"

"லாரி மாதிரி கேக்குது பாய்."

"அது லாரிதான்க்கா. ரோட்ல போவுது. இருங்க, கதவ சாத்தறேன்."

சின்ன ஃபேன் மூன்று. கொசு, கொசு, பெரிய கொசு. பிறகு தட்டு அளவுக்கு ஒரு பெரிய ஃபேன், மெதுவாகச் சுற்றுவது. ஒன்றும் கேட்கவில்லை. லைன் போய்விட்டதோ என்று "பாய், பாய்" என்றேன். "இங்கதாங்க்கா கீறேன். ஓடிக்கினுதான் கீது." அதுதான்.

அத்தை உள்ளேயிருந்து: "யாரு ராஜி போன்ல? எதுவும் பேசாம கேட்டுக்கிட்டே நிக்கறே?"

சாயங்காலம் ரவி மறுபடி. "காசைப் பாக்காதீங்க அண்ணி. அம்மாவுக்கு எல்லா வசதியும் அங்கேயே பண்ணிடுவோம். அப்புறம் அவங்களை அலைக்கழிக்கவே வேண்டாம் பாருங்க."

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அங்கேயே.

ஆறு மணிக்கு இவர் ஆபீஸிலிருந்து வந்ததும் சொன்னேன். சட்டையை ஆணியில் மாட்டிக்கொண்டே, "அவன் ஏதோ பேச்சுக்குச் சொல்றான். நீ ஏன் பிச்சுப் பிச்சுப் பாக்கறே. காபி இருக்கா?"

இருந்தது. கொடுத்தேன்.

ஆக, இந்தப் பெட்டி எவ்வளவு நன்றாக அமைகிறதோ, அவ்வளவுக்கு அத்தை இங்கேயே. அமைப்பதும் நானே.

பங்குனி 10, சனி

தூக்கம் இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? சொன்னால் 'அம்மாவுக்கு ஒரு சௌகரியம் பண்ண அண்ணிக்கு மனசில்லை' என்று ஆகும்.

பல் தேய்க்கும்போது தோன்றியது. பெட்டி சின்னதாக இருந்தால்? பையில் வைத்துத் தூக்கிப் போகிற மாதிரி? அத்தை எங்கேயோ அது அங்கே. 'இங்கதான் வசதி' என்று பேச வழி இருக்காது.

பரண் மேலிருந்து இவருடைய பயணப் பையை இறக்கி, தையல் டேப்பால் அளந்தேன். பாயிடம் அளவு சொன்னேன்.

"அவ்ளோ சின்னதா? வேணாங்க்கா. பெருசுன்னா காத்து போவும், வெலையும் கம்மி. சின்னதுல சூடு ஏறிக்கினு பேஜாரு."

"ரயில்ல போகணும் பாய்."

"எது, கம்ப்யூட்டரா? எங்க போவுது?"

"பெங்களூருக்கு."

"அங்க இல்லாத கம்ப்யூட்டரா," என்று சிரித்தார். பிறகு என் குரலில் என்ன கேட்டதோ, "சரிக்கா, பாக்கறேன்" என்றார்.

பங்குனி 14, புதன்

முடிவானது:

கேபினட் – படுக்கை வாட்டம், பூஜைச் சாமான் டப்பா மாதிரி. விலை கூடுதல்தான்.
ஃபேன் – அந்தப் பெரியது, ஒன்றே ஒன்று. மேல்மூடியில் துளை போட்டு வைத்துத் தருகிறாராம்.
பிராசசர் – சூடு குறைந்தது. வேகம் வேண்டாம். தொடர் ரெக்கார்டு பண்ண எதற்கு வேகம்.
கிராஃபிக்ஸ் – தனிக் கார்டு வேண்டாம். போர்டிலேயே இருப்பது போதும்.
ஹார்ட் டிஸ்க் – ஒன்று.
டிவி கார்டு – ரிமோட்டோடு. கேபிள் ஒயர் அதில்தான் சொருகணும்.
யுபிஎஸ் – கரண்ட் போனால் கத்தும். கத்துகிற பாகத்தைப் பிடுங்கிவிடுகிறேன் என்கிறார் பாய்.
ஹெட்போன் – இவர் ஹாலில் தூங்கும்போது அத்தை கேட்க.

இப்படி உட்கார்ந்து ஒன்றைத் தள்ளி ஒன்றை எடுத்து எழுதுகையில் மத்தியானம் போனதே தெரியவில்லை. அத்தை கூப்பிட்டும் காதில் விழவில்லை. படுக்கை நனைந்துவிட்டது. துவைத்தேன். அவர்களுக்கும் கூச்சம், எனக்கும்.

மேல்வீட்டு அக்கா மாடிப்படியில்: "வீட்டுக்குள்ளயே தியேட்டரா ராஜி? இனிமே நீ வெளியவே வரத் தேவையில்ல போ."

பங்குனி 18, ஞாயிறு

பாய் வந்தார். அத்தை கட்டிலிலிருந்தே விசாரணை. ஊர் எது, எத்தனை பிள்ளை, இந்தக் கடையில் மாசம் எவ்வளவு கிடைக்கும். அவரும் பொறுமையாக, "ரெண்டு பொண்ணும்மா. உங்க புண்ணியத்துல நல்லா கீதுங்க."

மாட்டி முடித்து ஓடவிட்டதும் அத்தை முகம் சுளித்தார்கள். "வண்டு ஒண்ணு கத்துது."

எங்களுக்குக் கேட்கவில்லை. பெட்டி மேல் கை வைத்துப் பார்த்தேன். லேசான அதிர்வு, ஹார்ட் டிஸ்க். பழைய குக்கர் கேஸ்கட்டை நாலு துண்டாக வெட்டி அடியில் கொடுக்கச் சொன்னேன். பாய் தலையைச் சொறிந்தார், வைத்தார். மறுபடி ஓடவிட்டோம்.

"இப்போ நின்னுடுச்சு," என்றார்கள் அத்தை.

"ஓடிக்கினுதான்மா கீது."

"நெஜமாவா ராஜி?"

அத்தை சிரித்தார்கள். எவ்வளவு நாளாயிற்று.

ஒரே குறை, பெட்டி முன்னால் நீல விளக்கு. கண்ணைக் குத்துகிறதாம். என் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து அதன் மேல் ஒட்டினேன். சரியாய்ப் போயிற்று. இனி கை வைத்துப் பார்த்தால்தான் ஓடுகிறதா இல்லையா தெரியும்.

பங்குனி 27, செவ்வாய்

வெயில் தாங்கவில்லை. மாங்காய் வாங்கிப் பச்சடிக்கு எடுத்து வைத்தேன்.

அத்தைக்கு ரிமோட் பழகிவிட்டது. பெட்டியை நிறுத்த, ஓடவிட, பின்னால் போக. மூன்று பட்டன். ராத்திரி என்னைக் கூப்பிடுவது குறைந்திருக்கிறது.

கட்டிலுக்கு அடியில் மடித்து வைத்த பயணப் பை தயார். எந்த ஒயர் எதில் என்று சீட்டு எழுதிக் கட்டியிருக்கிறேன். ரவி வருஷப் பிறப்புக்கு மறுநாள் வருகிறான்.

சித்திரை 2, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. நடந்ததை நடந்தபடி.

காலை ரயிலில் ரவி. ரூமுக்குள் போய் அம்மாவிடம் உட்கார்ந்தான். பெட்டியைத் தடவிப் பார்த்து, "அண்ணி, எங்க ஆபீஸ்ல இருக்கறவன்கூட இப்படிப் பண்ணமாட்டான்" என்றான். பிறகு ஹாலுக்கு வந்து இட்லி.

எட்டிப் பார்த்தேன். அத்தை காதில் ஹெட்போன், கண் டிவி பக்கம். டிவி கதவுக்குப் பின்னால், ஹாலிலிருந்து திரை தெரியாது. பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"எப்போ டிக்கெட் தம்பி?"

"எனக்கு சாயங்காலம். அண்ணி, சுதாவுக்கு இப்போ ஷிஃப்ட் மாறியிருக்கு. அம்மா வேற இங்க எவ்ளோ நல்லா செட்டாயிட்டாங்க. இந்த அமைதி எங்க ஃபிளாட்ல எங்க கெடைக்கும்? கீழ ரோடு."

"பெட்டி பையில அடங்கும் தம்பி. அளந்துதான் வாங்கினேன்."

அவன் இவரைப் பார்த்துச் சிரித்தான். "பாத்தியாண்ணா. அண்ணி பார்சல் கட்டி ரெடியா வெச்சிருக்காங்க. பெட்டியவா, அம்மாவையான்னு தெரியல."

இவரும் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னை என்னவோ பண்ணிற்று.

"ஆமா தம்பி, ரெண்டையும்தான். தூக்கித் தூக்கி என் தோள் போச்சு. அவங்க படுத்ததிலேருந்து இந்த வாசப்படி தாண்டி நான் எங்கயும் போனதில்ல. கூட்டிட்டுப் போயிடுங்க. எனக்கு அந்த ரூம் வேணும். என் பொண்ணுக்கு வேணும்."

மெதுவாகச் சொல்லவில்லை. ஹெட்போன் இருக்கிறதே என்ற தைரியம். இரண்டு பேரும் தட்டைப் பார்த்தார்கள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அத்தை ரவியைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். "கட்டிலை ஹாலுக்கு இழுத்துப் போடுங்கடா. ரூம் கவிதாவுக்கு. தலைப்பிரசவம், பொண்ணு இங்கதான் வரணும். எனக்கு ஹால் போதும்."

"சூப்பர்மா," என்றான் ரவி. "பாருங்க அண்ணி, எவ்ளோ சிம்பிளா முடிஞ்சுது."

இவர் முகத்தில் நிம்மதி. "நான் சொன்னேன்ல, எல்லாம் தானா சரியாகும்னு."

இனி ஒரு கட்டில் இல்லை, இரண்டு. கொஞ்ச நாளில் ஒரு தொட்டிலும். யாருக்கும் தோன்றவில்லை. என் பெண் வருகிறாள், நான் எந்த வாயால் வேண்டாம் என்பது.

ரவி ரயிலுக்குப் போன பிறகு அத்தைக்குக் கஞ்சி கொண்டுபோனேன். காதில் ஹெட்போன். பெட்டி மேல் கை வைத்தேன். ஜில்லென்று இருந்தது. ரொம்ப நேரமாக ஓடவே இல்லை.

"ரவி குரல் கேக்கணும்னு காலையிலயே நிறுத்திட்டேன்," என்றார்கள். ஹெட்போனைக் கழற்றவில்லை.

"அந்தப் பொட்டை எடுத்துடு ராஜி. ஓடுதா இல்லையான்னு பாத்துக்கிட்டு நீங்க பேசலாம்."

கோபம் இல்லை குரலில். இருந்திருக்கலாம். எடுத்தேன்.

சித்திரை 3, திங்கள்

இவர் லீவு போட்டார். கட்டிலை ஹாலுக்கு மாற்றினோம். அத்தையைத் தூக்கும்போது தோளில் சுருக்கென்றது. சொல்லவில்லை. இனி எப்படிச் சொல்வது.

கவிதா போனில் அழுதாள், சந்தோஷத்தில். "பாட்டியே சொன்னாங்களாமே. பாட்டி கிரேட்மா. எங்க மாமியார் வாயே திறக்கல."

"ஆமா. பாட்டிதான்."

டிவியையும் பெட்டியையும் ஹாலுக்கு மாற்ற நீள ஒயர் கொண்டுவந்த பாயால் உள்ளே வர முடியவில்லை. கட்டில் இடித்து வாசல் கதவு பாதிதான் திறக்கிறது. "எப்டிக்கா வெளிய போவீங்க?" நான் ஒருக்களித்துப் போய்விடுவேன். வயிற்றோடு வருகிறவள் எப்படி வருவாள்? கட்டிலைத் திருப்பிப் போட்டோம். ஒரே வழி, சாமி அலமாரியை ஒட்டி, தலை அந்தப் பக்கம். கதவு இப்போது முழுசாகத் திறக்கிறது.

அத்தை காலையிலிருந்து ஒரு தடவைகூட "ராஜி" என்று கூப்பிடவில்லை. எதற்கும். நானே போய்ப் போய்ப் பார்க்கிறேன்.

ஆறு மணி. விளக்கேற்ற அவர்கள் தலைக்கு மேல் குனிந்துதான் கையை நீட்ட வேண்டியிருக்கிறது. எண்ணெய் சிந்தாமல் திரியைத் தூண்டினேன். முகத்துக்கு நேராக முகம். அத்தை கண்ணை மூடிக்கொண்டார்கள். சாமிக்கா, எனக்கா, தெரியவில்லை.