பங்காருவுக்குக் கிருத்திகை இல்லை

அக்டோபர் 28, செவ்வாய்

நிர்மலா ஓசூருக்குப் போய் இரண்டு நாளாகிறது. மகள் சினேகாவுக்கு இரண்டாவது பிரசவம். கிளம்பும்போது எனக்கு என்ன சமைத்து வைத்திருக்கிறாள் என்று ஒரு வரி சொன்னாள். பூனைக்கு என்ன செய்ய வேண்டும் என்று முக்கால் மணி நேரம் சொன்னாள். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம் கழித்து இந்த வீட்டில் என் இடம் எது என்று தெரிந்துகொண்டேன்.

பூனையின் பெயர் பங்காரு. மஞ்சள் நிறம், ஒன்பது வயது. நான்கு மாதமாகச் சர்க்கரை வியாதி. காலை ஆறு, மாலை ஆறு, இரண்டு வேளையும் இன்சுலின் ஊசி.

"மொதல்ல சாப்பாடு, அப்பறம்தான் ஊசி. மாத்திடாதீங்க" என்றாள்.

"ஆங், ஆங்" என்றேன். ரயில்வேயில் முப்பத்திரண்டு வருஷம் பாயின்ட்ஸ்மேனாக இருந்தவனுக்கு மணி பார்த்து வேலை செய்யக் கற்றுத்தர வேண்டுமா?

அக்டோபர் 29

பூனைக்குப் போட வேண்டியதை என் கட்டைவிரலில் குத்திக்கொண்டேன். மருந்து உள்ளே போனதா தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு வாழைப்பழம் சாப்பிட்டேன்.

நவம்பர் 2, ஞாயிறு

பங்காரு காலையிலிருந்து நான்கு முறை வாந்தி. பீரோவுக்கு அடியில் போய்க் கூனிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வயிற்றைத் தொட்டால் உறுமுகிறது. ஊசி போடவில்லை. நிர்மலா போனில், "பங்காருவைக் காட்டுங்க" என்றாள். தூங்குகிறது என்றேன். மகளுக்கு இன்றோ நாளையோ வலி எடுக்கும் நேரம், இதை எப்படிச் சொல்வது?

நவம்பர் 3

ஒயர் கூடையில் வைத்து, மேலே துண்டைக் கட்டி, முதல் வண்டியில் அரக்கோணம். வண்டி முழுக்க ஓலம். எதிரே உட்கார்ந்த பூக்காரம்மா, "கோயிக்குஞ்சா ஐயா?" என்றாள். தலையாட்டி வைத்தேன்.

டாக்டர் தீபா ரத்தம் எடுத்தார், ஸ்கேன் பார்த்தார். கணையம் வீங்கியிருக்கிறதாம். சர்க்கரை உள்ள பூனைக்கு இது அடிக்கடி வருமாம். வலிக்கு ஊசி, வாந்திக்கு மாத்திரை, சலைன் பாட்டில். எண்ணெய், நெய் கூடவே கூடாது. ஏரி மீனை உப்பில்லாமல் வேகவைத்து, முள் எடுத்துக் கொடுக்க வேண்டும். மார்க்கெட்டில் ஜிலேபி மீன்தான் கிடைத்தது. சர்க்கரை வியாதிக்கு ஜிலேபி என்று எனக்கு நானே சிரித்துக்கொண்டேன்.

கிளம்பும்போது டாக்டர் இரண்டு முறை சொன்னார். "பட்டினி மட்டும் போடாதீங்க சார். சாப்பிடலைன்னா ஊசி போடாம எனக்கு போன் பண்ணுங்க."

நவம்பர் 5

சினேகாவுக்குப் பெண் குழந்தை. சுகப்பிரசவம். பங்காரு மூன்று துண்டு மீன் தின்றது. எதற்கு அதிகமாகச் சந்தோஷப்பட்டேன் என்று எழுதக் கூடாது.

நவம்பர் 6, வியாழன் — கிருத்திகை

எழுதத்தான் வேண்டும்.

கிருத்திகை அன்று இந்த வீட்டுக்குள் மீன் நுழையாது. என் விரதம், நான் போட்ட சட்டம், இருபத்திரண்டு வயதிலிருந்து. மீன் சட்டியைக்கூட முதல் நாளே கொல்லையில் கவிழ்த்துவிடுவது வழக்கம். நேற்றும் கவிழ்த்தேன். காலை ஐந்தரைக்கு இட்லி ஒன்றைப் பிசைந்து வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. லங்கணம் பரம ஔஷதம் என்பார்களே, நோஞ்சான் வயிறு ஒரு வேளை ஓயட்டும், பசித்தால் தானே தின்னும் என்று நினைத்தேன். மணி ஆறு அடித்தது. ஆறு என்றால் ஊசி. போட்டேன். முருகன் கோயிலுக்கு மலையேறிவிட்டேன்.

கூட்டம். தரிசனம் முடிந்து திரும்பும்போது பத்தரை. இட்லி அப்படியே இருந்தது. பங்காரு குளியலறை வாசலில் ஒருக்களித்துக் கிடந்தது. கால் இழுத்துக்கொண்டிருந்தது. கண் திறந்திருக்கிறது, என்னைப் பார்க்கவில்லை. ஐயோ, இன்னா பண்ணிட்டேன் — சாப்பிடாத வயித்துல ஊசிய போட்டுட்டு சாமி கும்பிடப் போயிருக்கேன். ரெண்டு தடவ சொன்னாங்களே, காது இல்லியா எனக்கு?

டாக்டருக்கு போன். "தேன், சர்க்கரை, எதுனா இனிப்பு ஈறுல தடவுங்க. தொண்டைக்குள்ள ஊத்தாதீங்க." சர்க்கரை டப்பா மூடி இறுகிப்போய்த் திறக்கவில்லை. மலையிலிருந்து கொண்டுவந்த பஞ்சாமிர்தம் பையில் இருந்தது. அதன் பாகைத் தொட்டுத் தடவினேன்.

"பஞ்சாமிர்தங்க, நெய் இருக்குமே" என்றேன்.

"இப்ப அதப் பாக்காதீங்க, தடவுங்க."

பங்காருவின் காதில் குத்தி மீட்டரில் பார்த்தால் சர்க்கரை 38. இருபது நிமிஷம் கழித்து 71. தலையைத் தூக்கிற்று. ஆட்டோ பிடித்து அரக்கோணம். அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

தண்ணீர்கூடக் குடிக்கவில்லை நான். விரதத்துக்காக இல்லை.

நவம்பர் 7

பங்காருவுக்கு வலி மறுபடி கூடியிருக்கிறது. பிழைக்குமா என்று நாளைக்குத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

நவம்பர் 9, ஞாயிறு

பங்காரு வீட்டுக்கு வந்துவிட்டான். என் கையிலிருந்து ஒரு துண்டு மீன் வாங்கினான். இந்தக் கையிலிருந்தே வாங்கினான். அழுகை வந்தது. வீட்டில் யாரும் இல்லாததால் நன்றாகவே அழுதேன்.

நவம்பர் 11

நிர்மலாவிடம் சொல்லிவிட்டேன். குழந்தை தூங்கும் நேரம் பார்த்து, ஒன்று விடாமல்.

முழுக்கக் கேட்டாள். பிறகு, "முருகன் உங்களாண்ட வந்து பூனைக்கு மீன் குடுக்காதன்னாரா?" என்றாள். அப்புறம் அவளே சொன்னாள்: "ஊசி ஆரம்பிச்ச நாலு மாசமா கிருத்திகைக்குப் பக்கத்து ஊட்டு கவிப்பிரியா அடுப்புலதான் மீன் வேகவச்சிகினு இருந்தேன். அங்கயே தின்ன வச்சி தூக்கியாருவேன். உங்களுக்குத் தெரிஞ்சா பூனையே வேணாம்னுடுவீங்கன்னு பயம். அவகிட்ட சொல்லிட்டு வரணும்னு இருந்தேன், பிரசவ அவசரத்துல மறந்துட்டேன்."

போனை வைத்துவிட்டாள்.

என் விரதத்துக்குப் பயந்து என் மனைவி பக்கத்து வீட்டு அடுப்படியில் ஒளிந்திருக்கிறாள். அப்படி என்ன பெரிய மனுஷன் நான்?

நவம்பர் 13

இன்றும் அவள் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. பயம்தான்.

நவம்பர் 14

போன் வந்தது. "சர்க்கர எவ்ளோ?" என்றாள். 180 என்றேன். "வாந்தி?" இல்லை என்றேன். "நீங்க சாப்ட்டீங்களா?" என்றாள்.

நவம்பர் 22

மழை. மார்க்கெட்டில் மீன் இல்லை. குடை பிடித்துக்கொண்டு கே.ஜி.கண்டிகை வரை பஸ்ஸில் போய் வாங்கிவந்தேன். அங்கே டீக்கடையில் பழைய சிநேகிதன் ஒருவன், "இன்னாப்பா, மீன் வாங்க இம்மாந்தூரமா?" என்றான். பூனைக்கு என்று சொன்னேன். கடையே சிரித்தது. சிரிக்கட்டும்.

நவம்பர் 30

அரக்கோணம். கணைய வீக்கம் குறைந்திருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் திரும்ப வரலாம், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

டிசம்பர் 3, புதன் — பெரிய கார்த்திகை

மீன் நேற்றே வாங்கி வைத்தாயிற்று. காலை ஐந்து மணிக்குக் குளித்து, விபூதி பூசி, நம் வீட்டு அடுப்பிலேயே மீனை ஏற்றினேன். முருகனிடம் ஒரு வார்த்தை சொன்னேன்: எனக்குத்தான் விரதம், இவனுக்கு இல்லை. கையும் மனசும் கொஞ்சம் கூசத்தான் செய்தது. இல்லை என்று எழுதினால் பொய்.

மதியம் வருவதாகச் சொன்ன நிர்மலா ஐந்தே முக்காலுக்கே வந்து நின்றாள். ராத்திரி பஸ்ஸைப் பிடித்திருக்கிறாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. என் நெற்றியைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், காலண்டரைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"ஏங்க, அது பாயாசக் கரண்டி" என்றாள். வேறு கரண்டியை எடுத்துக் கொடுத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பங்காரு இன்று மெதுவாகத்தான் சாப்பிட்டான். மணி ஆறு அடித்தது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஊசி, ஆறு இருபத்தைந்துக்கு.