கண்ணாடியில் பாதித் தண்ணீர்

அண்ணாவுக்கு உன் தங்கை எழுதுவது.

சுகம் விசாரித்துத் தொடங்க மனசு வரவில்லை. அண்ணியும் பிள்ளைகளும் நன்றாக இருக்கட்டும்; அவர்கள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. கோபமெல்லாம் உன் மேல்தான்.

இவருக்கு இரண்டு கையிலும் கட்டு. பதினெட்டு வருஷம் மலை ஏற்றத்தில் ரயிலை ஓட்டிய மனிதர், சட்டைப் பொத்தான் போட என்னைக் கூப்பிடுகிறார். நேற்று விசாரணைக் கடிதம் வந்தது. ஓட்டுநரின் கவனக்குறைவால் பாய்லரில் தண்ணீர் குறைந்ததாம். கீழே உன் கையெழுத்து. படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எனக்கே தெரிந்தது உனக்குத் தெரியாதா? ஏற்றத்தில் எஞ்சின் மூக்கைத் தூக்கிக்கொண்டு போகும்போது தண்ணீரெல்லாம் பின்னால், நெருப்புப் பெட்டிப் பக்கம் ஒதுங்கும். அளவு காட்டும் கண்ணாடிக் குழாயும் அங்கேதான். அது பாதி காட்டினால் உள்ளே பாதி இல்லை. உச்சி தாண்டி எஞ்சின் முன்னால் சாய்ந்ததும் தண்ணீர் அந்தப் பக்கம் ஓடிவிடும், நெருப்புப் பெட்டியின் கூரை காய்ந்துபோகும். அதனால் உச்சிக்கு ஒரு மைல் இருக்கும்போதே இவர் தண்ணீரை ஏற்றிவிடுவார். நீராவி கொஞ்சம் இறங்கும், வண்டி திணறும், ஆனாலும் ஏற்றிவிடுவார்.

போன மாதம் நீ ஒரு சுற்றறிக்கை போட்டாய். ஏற்றத்தில் கண்ணாடி பாதி காட்டினால் போதும், தண்ணீர் விட்டால் நிலக்கரி வீண் என்று. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஏற்றம் எப்படித் தெரியும்? மற்ற ஓட்டுநர்கள் எஞ்சின் ஷெட் அறிவிப்புப் பலகையில் படித்துச் சிரித்துவிட்டு, பழையபடியே ஓட்டினார்கள். இவர் ஒருவர்தான் மதித்தார். உங்களுக்கென்ன பைத்தியமா என்று கேட்டேன்.

"மச்சான் போட்ட உத்தரவை நானே மீறினா, நாலு பேர் முன்னாடி அவருக்கு என்ன மரியாதை?" என்றார்.

அன்று தண்ணீர் ஏற்றாமலே உச்சி தாண்டியதும், கூரை காய்ந்தால் உருகட்டும் என்று அதில் வைத்திருக்கும் ஈயத் தக்கை உருகி, நீராவி நெருப்பு வாசல் வழியாகச் சீறியது. கரி அள்ளிப் போடும் பயர்மேனை வெளியே தள்ளிவிட்டு, இவர் இறக்கத்தில் வண்டி ஓடிவிடாமல் பிரேக்கைப் பிடித்தபடியே நின்றாராம். அப்படி வெந்த கைகள்தான் இவை.

மறுநாளே பலகையில் அந்தத் தாளைக் காணோம். அப்படி ஒரு உத்தரவே போடவில்லை என்று நீ சாதிக்கிறாயாம். பார்த்தவர்கள் வாய் திறக்கப் பயப்படுகிறார்கள். ஆனால் நீ இவருக்கென்று தனியாக ஒரு பிரதி அனுப்பினாயே, மறந்துபோச்சா? "மாப்பிள்ளை, நீங்கள் செய்தால் மற்றவர்களும் செய்வார்கள்" என்று ஓரத்தில் உன் கையால் எழுதியிருக்கிறாய். சாப்பாட்டுப் பெட்டி மூடிக்குள் மடித்து வைத்திருந்தார். அதை அடுப்பில் போடச் சொன்னார். போட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். எனக்குப் பொய் வராது. கட்டுப் போட்ட கையால் தேடமாட்டார் என்ற தைரியம்தான்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை. நான் பத்துக்கே வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அந்தத் தாள் என் மடியில் இருக்கும். நீ என்னைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். போய் உண்மையைச் சொல்லிவிடு அண்ணா.

உன்னைக் கும்பிட இவரால் இப்போது முடியாது. அவருக்கும் சேர்த்து நானே கும்பிடுகிறேன். நீ நன்றாக இருக்கவேண்டும் என்றுதான் இன்று காலையும் வேண்டிக்கொண்டேன். அந்தத் தாளை என்னை நீட்ட வைத்துவிடாதே.

உன் தங்கை